293318625600: ராமானுஜனின் பட்டியலில் விடுபட்ட எண்ணைக் கையால் ஆராயும் முறை

சீனிவாச ராமானுஜன் 1915-ஆம் ஆண்டில் லண்டன் கணிதக் கழகத்தின் ஆய்விதழில் உயர் பகு எண்களைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரையை வெளியிட்டார். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவுக்கு மிகுதியான காரணிகளைக் கொண்ட எண்ணே உயர் பகு எண் எனப்படும். 12-க்கு ஆறு காரணிகள் உண்டு. 1 முதல் 11 வரையுள்ள எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை. ஆகவே 12 ஓர் உயர் பகு எண். இத்தகைய எண்களை வரிசைப்படுத்தி, 6746328388800 என்னும் பதின்மூன்று இலக்க எண்வரை 102 எண்களை ராமானுஜன் அந்தக் கட்டுரையில் பட்டியலிட்டார். கணிப்பொறி இல்லாத காலத்தில் செய்யப்பட்ட அந்தப் பட்டியலில் ஒரே ஓர் எண் மட்டும் விடுபட்டது. அதுதான் 293318625600.

ஒரு பெரிய எண்ணைக் கையில் எடுத்து, அதன் இயல்புகளை ஒவ்வொன்றாக எப்படி வெளிக்கொணர்வது என்பதை இந்த எண்ணை வைத்தே படிப்படியாகக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம். தாளும் எழுதுகோலும் பள்ளிக் கணக்கும் போதும். கணிப்பான் வேண்டுவோர், எட்டு இலக்கம் மட்டும் காட்டும் சிறிய கருவி பன்னிரண்டு இலக்க எண்ணுக்குப் போதாது என்பதை நினைவில் கொள்ளவும். நிரல் எழுதிச் சரிபார்க்க விரும்புவோர் 64 பிட் முழு எண்ணைப் பயன்படுத்த வேண்டும். 32 பிட்டில் இந்த எண் அடங்காது.

முதல் படி: எண்ணை வாசித்தல்

நம் வழக்கப்படி காற்புள்ளி இட்டால் இது 2,93,31,86,25,600 ஆகும். இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு இலட்சத்து இருபத்தைந்தாயிரத்து அறுநூறு என்று வாசிக்கலாம். வாய்விட்டு ஒருமுறை வாசிப்பதை வீண் வேலை என்று கருத வேண்டாம். இலக்கங்களைப் பார்த்து எழுதும்போது ஓர் இலக்கம் இடம் மாறினால் அடுத்துவரும் எல்லாப் படிகளும் பாழாகிவிடும். வாசித்துப் பார்ப்பது அந்தப் பிழையைத் தொடக்கத்திலேயே பிடித்துவிடும்.

அடுத்து இலக்கங்களைக் கூட்டுங்கள்: 2 + 9 + 3 + 3 + 1 + 8 + 6 + 2 + 5 + 6 + 0 + 0 = 45. கூட்டுத்தொகை 9-ஆல் வகுபடுவதால் எண்ணும் 9-ஆல் வகுபடும். எண் 5-ஆலும் வகுபடுவதால் தன் இலக்கக் கூட்டுத்தொகையான 45-ஆலேயே மீதியின்றி வகுபடுகிறது. இப்படிப்பட்ட எண்களுக்குத் தேவ்லாலியில் ஆசிரியராக இருந்த கப்ரேகர் ஹர்ஷத் எண்கள் என்று பெயரிட்டார்.

இரண்டாம் படி: பகாக் காரணிகளாகப் பிரித்தல்

மற்ற எல்லாப் படிகளும் இதையே நம்பி நிற்பதால் இங்கே அவசரம் கூடாது. இலக்கங்களை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் ஒரு பெரிய எண் தன் இயல்பைச் சொல்லாது. பகாக் காரணிகளாகப் பிரித்தவுடன் அது பேசத் தொடங்கிவிடும்.

முதலில் இறுதியில் உள்ள இரண்டு சுழியங்களை நீக்குவோம். நம் எண் = 100 × 2933186256. இதில் 100 என்பது 2² × 5². மீந்துள்ள எண் 6-இல் முடிவதால் அதில் இனி 5 இல்லை. ஆனால் 2 இருக்கிறது. கடைசி நான்கு இலக்கங்களான 6256, 16-ஆல் வகுபடும் (16 × 391 = 6256); ஆகவே முழு எண்ணும் 16-ஆல் வகுபடும். வகுத்தால் 183324141 என்னும் ஒற்றை எண் கிடைக்கிறது. இதுவரை வெளியே எடுத்தது 2⁶ × 5².

183324141-இன் இலக்கக் கூட்டுத்தொகை 27. எனவே 9-ஆல் வகுக்கலாம், ஈவு 20369349. இதன் இலக்கக் கூட்டுத்தொகை 36 என்பதால் மீண்டும் 9-ஆல் வகுக்கலாம், ஈவு 2263261. இதன் கூட்டுத்தொகை 22. ஆகவே 3 இனி இல்லை. மொத்தம் 3⁴ வெளியே வந்துவிட்டது.

இப்போது ஒரு நல்ல கருவியை அறிமுகப்படுத்த வேண்டும். 7 × 11 × 13 = 1001. ஓர் எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, அக்குழுக்களை மாறி மாறிக் கூட்டியும் கழித்தும் பார்த்தால், கிடைக்கும் விடை 1001-ஆல் வகுபடும்போது எண்ணும் 1001-ஆல் வகுபடும். 2263261-ஐ 2, 263, 261 என்று பிரித்தால் 261 − 263 + 2 = 0. எனவே 7, 11, 13 ஆகிய மூன்றும் ஒரே அடியில் அகப்பட்டுவிடுகின்றன. இச்சோதனையை மூல எண்ணிலேயே செய்து பார்ப்பவர்களுக்கும் அதே மகிழ்ச்சி காத்திருக்கிறது: 600 − 625 + 318 − 293 = 0.

2263261 ÷ 1001 = 2261. இது 7 × 323. அந்த 323, 18-இன் வர்க்கமான 324-க்கு ஒன்று குறைவு. ஆகவே (18 − 1) × (18 + 1), அதாவது 17 × 19. எல்லாவற்றையும் சேர்த்து எழுதினால்:

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

திரும்பப் பெருக்கிச் சரிபார்க்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். 64 × 81 = 5184; அதை 25-ஆல் பெருக்க 129600; 49-ஆல் பெருக்க 6350400; பின்னர் 11, 13, 17, 19 ஆகியவற்றால் முறையே பெருக்கினால் 69854400, 908107200, 15437822400, 293318625600.

மூன்றாம் படி: காரணிகளை எண்ணுதல்

இந்த எண்ணின் எந்தக் காரணியும் அதே எட்டுப் பகா எண்களால்தான் ஆகியிருக்க வேண்டும். 2-இன் அடுக்கு 0 முதல் 6 வரை ஏழு விதமாகவும், 3-இன் அடுக்கு ஐந்து விதமாகவும், 5-க்கும் 7-க்கும் மும்மூன்று விதமாகவும், எஞ்சிய நான்கு பகா எண்களுக்கு இரண்டிரண்டு விதமாகவும் அமையலாம். எனவே காரணிகளின் எண்ணிக்கை 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040.

5040 என்பது 1 முதல் 7 வரையுள்ள எண்களின் பெருக்கல், அதாவது 7-இன் தொடர்பெருக்கம். ஒற்றை எண்களாக உள்ள காரணிகளை மட்டும் எண்ண விரும்பினால் 2-க்குரிய ஏழை விட்டுவிட வேண்டும். அப்போது கிடைப்பது 720, அதாவது 6-இன் தொடர்பெருக்கம். இந்த 720-க்கு வேறொரு பொருளும் உண்டு. ஓர் எண்ணை அடுத்தடுத்த நேர் முழு எண்களின் கூட்டலாக எத்தனை விதமாக எழுதலாம் என்பதை அதன் ஒற்றைக் காரணிகளின் எண்ணிக்கை தீர்மானிக்கிறது. எண்ணைத் தனியே எழுதும் ஒரு விதத்தைத் தவிர்த்தால் நம் எண்ணுக்கு அப்படி 719 விதங்கள் உள்ளன.

5040-ம் ஓர் உயர் பகு எண்ணே. அதன் காரணிகள் 60. 60-இன் காரணிகள் 12. 12-இன் காரணிகள் 6. 6-இன் காரணிகள் 4. இந்தச் சங்கிலியில் வரும் 5040, 60, 12, 6, 4 ஆகிய ஐந்தும் உயர் பகு எண்கள்.

நான்காம் படி: உள்ளே மறைந்துள்ள அமைப்புகளைப் பிரித்தெடுத்தல்

ஒரே பகாக் காரணி வடிவத்தை வெவ்வேறு விதமாகத் தொகுத்தால் வெவ்வேறு இயல்புகள் தெரியவரும். முதலில் இரட்டை அடுக்குகளைத் தனியே சேர்ப்போம். 2⁶ × 3⁴ × 5² × 7² என்பது (8 × 9 × 5 × 7)-இன் வர்க்கம், அதாவது 2520². எஞ்சியது 11 × 13 × 17 × 19 = 46189. ஆகவே நம் எண் = 2520² × 46189. இந்த 2520, 1 முதல் 10 வரையுள்ள எல்லா எண்களின் மீச்சிறு பொது மடங்கு. நம் எண் முழு வர்க்கம் அன்று. அதனால் அதன் 5040 காரணிகளும் இணை இணையாகப் பிரிந்து 2520 இணைகளாகின்றன. அதே 2520 இரண்டு வெவ்வேறு வாயில்கள் வழியாக வருவதை முதன்முதலில் கவனித்தபோது நான் சற்றுநேரம் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

அடுத்து 1 முதல் 20 வரையுள்ள எண்களின் மீச்சிறு பொது மடங்கான 232792560-ஐ எடுத்துக்கொள்வோம். அதை 1260-ஆல் பெருக்கினால் நம் எண் கிடைக்கும். ஆகவே 1 முதல் 20 வரை எல்லாம் இதை வகுக்கும்; 21-ம் 22-ம் கூட வகுக்கும். முதலில் தவறுவது 23. பிறகு 24 முதல் 28 வரை மீண்டும் எல்லாம் வகுத்து, 29-இல்தான் அடுத்த தடை வருகிறது.

மூன்றாவது தொகுப்பு: முதல் எட்டுப் பகா எண்களின் பெருக்கல் 9699690. நம் எண் = 9699690 × 30240. இந்த 30240 தனக்கென ஒரு வரலாறு உடையது. அதன் எல்லாக் காரணிகளையும் கூட்டினால் சரியாக அதன் நான்கு மடங்கான 120960 வரும். அத்தகைய எண்களில் மிகச் சிறியது இதுவே. 17-ஆம் நூற்றாண்டில் டெக்கார்த் இதைக் கண்டறிந்தார்.

ஐந்தாம் படி: மிக நெருங்கிய காரணி இணையைக் காணுதல்

2520 இணைகளில் எந்த இணையின் இரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று மிக அருகில் உள்ளன? எல்லா இணைகளையும் எழுதிப் பார்க்கத் தேவையில்லை. பெர்மா காட்டிய வழி உண்டு. எண்ணின் வர்க்கமூலத்திற்குச் சற்று மேலுள்ள முழு எண்ணை எடுத்து, அதன் வர்க்கத்திலிருந்து நம் எண்ணைக் கழிக்க வேண்டும். மீதி ஒரு முழு வர்க்கமாக இருந்தால் காரணிகள் உடனே கிடைத்துவிடும். இல்லையென்றால் அடுத்த முழு எண்ணுக்குச் சென்று மீண்டும் முயல வேண்டும். பெரிய எண்களில் இம்முயற்சி பெரும்பாலும் நெடுநேரம் நீளும்.

நம் எண்ணின் வர்க்கமூலம் 541589-க்கு மிகச் சிறிதளவே குறைவு. 541589² = 293318644921. இதிலிருந்து நம் எண்ணைக் கழித்தால் 19321. இது 139-இன் வர்க்கம். முதல் முயற்சியிலேயே முழு வர்க்கம் கிடைத்துவிட்டது. ஆகவே:

293318625600 = (541589 − 139) × (541589 + 139) = 541450 × 541728

இரண்டுக்கும் இடையே வேறுபாடு 278 மட்டுமே. பெருக்கல் மாறாதிருக்கும்போது கூட்டுத்தொகை குறையக் குறைய இரண்டு எண்களும் நெருங்கும். வர்க்கமூலத்தின் இரு மடங்குக்குக் குறையாத மிகச் சிறிய முழு எண் 1083178. இந்த இணையின் கூட்டுத்தொகையும் அதுவே. எனவே இதைவிட நெருங்கிய இணை இருக்க வழியில்லை. இவற்றைப் பிரித்துப் பார்த்தால் 541450 = 2 × 5² × 7² × 13 × 17 என்றும், 541728 = 2⁵ × 3⁴ × 11 × 19 என்றும் வருகின்றன. 2-ஐத் தவிர மற்றப் பகா எண்கள் ஒவ்வொன்றும் முழுமையாக ஏதேனும் ஒரு பக்கத்திலேயே நின்றுவிட்டன.

ஆறாம் படி: காரணிகளின் கூட்டுத்தொகையும் சார்பகா எண்களும்

5040 காரணிகளையும் ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு பகா எண்ணுக்கும் 1 முதல் அதன் உச்ச அடுக்கு வரையுள்ளவற்றைத் தனித்தனியே கூட்டி, அக்கூட்டல்களைப் பெருக்கினால் போதும். 2-க்கு 127, 3-க்கு 121, 5-க்கு 31, 7-க்கு 57. மற்றவற்றுக்கு 12, 14, 18, 20. பெருக்கினால் 1642243014720. இது நம் எண்ணைப் போல ஏறத்தாழ 5.6 மடங்கு. நிறைவெண் ஒன்றுக்கு இந்த மடங்கு சரியாக 2 என்பதை நினைத்தால், இந்த எண் எவ்வளவு காரணிச் செழிப்புடையது என்பது புரியும்.

இந்தச் செழிப்பின் மறுபக்கம் சார்பகா எண்களின் வறட்சி. நம் எண்ணைவிடச் சிறியவையாய், அதனுடன் 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாதவையாய் உள்ள எண்கள் எத்தனை? 1 × 2 × 4 × 6 × 10 × 12 × 16 × 18 = 1658880; அதை 30240-ஆல் பெருக்கினால் 50164531200. நூற்றுக்கு ஏறத்தாழ 17 எண்கள் மட்டுமே இதனுடன் உறவற்று நிற்கின்றன.

ஏழாம் படி: வேறு சில சிறு சோதனைகள்

இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இதை எழுத முடியுமா? முடியாது. நான்கால் வகுத்தால் 3 மீதி தரும் பகா எண்கள் யாவும் இரட்டை அடுக்கில் இருந்தால்தான் அது இயலும். இங்கே 11-ம் 19-ம் ஒற்றை அடுக்கில் உள்ளன. மூன்று வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியும்: எண்ணிலுள்ள நான்குகளை முழுவதும் நீக்கினால் 4583103525 எஞ்சும், அதை 8-ஆல் வகுத்தால் மீதி 5. மீதி 7 ஆக இருந்தால் மட்டுமே லெஜாந்தரின் தேற்றம் தடைசெய்யும்.

1-ஐ இந்த எண்ணால் வகுத்துத் தசமமாக எழுதினால் முதல் ஆறு இடங்கள் திரும்பாதவை. அதன்பின் 1008 இலக்கங்கள் கொண்ட ஒரு தொகுதி முடிவின்றித் திரும்பத் திரும்ப வரும். 81, 49, 11, 13, 17, 19 ஆகியவற்றின் தசம மீள்வு நீளங்களான 9, 42, 2, 6, 16, 18 என்பவற்றின் மீச்சிறு பொது மடங்கே அந்த 1008.

எட்டாம் படி: இது உயர் பகு எண்தானா என்று சோதித்தல்

இதுவே கடினமான படி. இக்கட்டுரையில் பொறுமையாக வாசிக்க வேண்டிய இடமும் இதுவே. 293318625600-ஐவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் 5040 காரணிகள் இல்லை என்று காட்ட வேண்டும். கோடிக்கணக்கான எண்களைச் சோதிக்க வேண்டியதில்லை என்பதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன.

முதலாவது, காரணிகளின் எண்ணிக்கை அடுக்குகளை மட்டுமே சார்ந்தது. எந்தப் பகா எண் அந்த அடுக்கைத் தாங்குகிறது என்பதைச் சார்ந்ததன்று. எனவே பெரிய அடுக்கைச் சிறிய பகா எண்ணுக்குக் கொடுத்தால் காரணி எண்ணிக்கை மாறாமல் எண் சிறுத்துவிடும். ஆகையால் 2, 3, 5, 7 என்று இடைவெளியின்றித் தொடங்கி, அடுக்குகள் ஏறாமல் இறங்கிவரும் எண்களை மட்டும் பார்த்தால் போதும். இரண்டாவது, முதல் பதினொரு பகா எண்களின் பெருக்கல் 200560490130. முதல் பன்னிரண்டின் பெருக்கல் 7420738134810. பின்னது நம் எண்ணைத் தாண்டிவிடுவதால் பதினொன்றுக்கு மேற்பட்ட வெவ்வேறு பகா எண்களுக்கு இடமே இல்லை.

பதினொரு பகா எண்கள் இருந்தால் மேலும் எதையும் சேர்க்க இடமில்லை. காரணிகள் 2048 மட்டுமே. பத்து இருந்தால், அவற்றின் பெருக்கலான 6469693230-ஐ 45 வரையுள்ள எண்ணால் மட்டுமே பெருக்கலாம்; 36-ஆல் பெருக்கும்போது கிடைக்கும் 4096 காரணிகளே உச்சம். ஒன்பது பகா எண்கள், அதாவது 23 வரை, இருக்கும் நிலையே உண்மையான போட்டியாளர். அங்கே 223092870-ஐ 1314 வரை பெருக்க இடமுண்டு; 1080-ஆல் பெருக்கும்போது 2⁴ × 3⁴ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23 = 240940299600 கிடைக்கிறது. இதன் காரணிகள் 5 × 5 × 3 × 2⁶ = 4800. அந்த வகையில் அதுவே உச்சம், 5040-ஐத் தொடவில்லை. எட்டுப் பகா எண்களுடன் நின்றுகொண்டு அடுக்குகளை மாற்றிப் பார்ப்பதையும், ஏழு அல்லது அதற்குக் குறைவான பகா எண்களுடன் முயல்வதையும் வாசகர் இதே முறையில் செய்து பார்க்கலாம். எங்கும் 5040 வராது.

இங்கே கண்ட 240940299600 நம் எண்ணுக்கு முந்தைய உயர் பகு எண். அடுத்த உயர் பகு எண் 321253732800; அதன் வடிவம் 2⁶ × 3³ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23, காரணிகள் 5376. ராமானுஜன் வகுத்த இன்னும் கடுமையான நிபந்தனையையும் நிறைவு செய்து, தலைசிறந்த உயர் பகு எண்களின் சிறு குழுவில் அது இடம்பெறுகிறது. நம் எண்ணை 23-ஆல் பெருக்கி 28-ஆல் வகுத்தால் முந்தையதும், 23-ஆல் பெருக்கி 21-ஆல் வகுத்தால் அடுத்ததும் கிடைக்கும். இரு பக்கத்து அண்டை எண்களிலும் 23 இருக்கிறது, 7 ஒருமுறை மட்டுமே வருகிறது. நடுவில் உள்ள நம் எண் மட்டும் 23-ஐ விட்டுவிட்டு 7-ஐ இரண்டாக வைத்துக்கொண்டு, ஏற்கெனவே கடந்துவந்த 19-க்குத் திரும்பி நிற்கிறது. வரிசையின் போக்கை மட்டும் பின்பற்றிச் செல்பவரின் கண்ணுக்கு எளிதில் தப்பக்கூடிய வடிவம் இது. பட்டியலில் 4800 காரணிகளுக்குரிய எண்ணை அடுத்து 5376-க்குரிய எண் வந்துவிடுகிறது. இடையில் வரவேண்டிய 5040 இல்லை.

இந்த ஒரு விடுபாட்டால் அந்த ஆய்வின் பெருமை இம்மியளவும் குறையவில்லை. அதற்காகவே 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ராமானுஜனுக்கு ஆய்வுவழி இளங்கலைப் பட்டம் வழங்கியது. அச்சிடும் செலவைக் கணிதக் கழகத்தால் அப்போது தாங்க இயலாததால் கட்டுரையின் ஒரு பகுதி வெளிவராமலே தங்கிவிட்டது. அது 1997-இல்தான் நிக்கோலா, ரொபேன் என்னும் இரு பிரெஞ்சுக் கணிதவியலாளர்களின் குறிப்புகளோடு அச்சேறியது.

ஒன்பதாம் படி: பட்டியலின் கடைசி எண்ணுடன் ஒப்பிடுதல்

நம் எண்ணில் இல்லாத முதல் பகா எண் 23 என்று முன்பே கண்டோம். அதை இப்போது சேர்த்துவிடுங்கள். 293318625600-ஐ 20-ஆல் பெருக்க 5866372512000; 3-ஆல் பெருக்க 879955876800; இரண்டையும் கூட்டினால் 6746328388800. காரணிகள் இரு மடங்காகி 10080 ஆகின்றன. 1915-ஆம் ஆண்டுப் பட்டியலில் ராமானுஜன் எழுதிய கடைசி எண் இதுதான். விடுபட்டுப்போன எண் முழுமையாக அதற்குள்ளேயே இருக்கிறது.